மூன்று முறை நெகட்டிவ் வந்த பிறகும் போகாத பயம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் வேலை, தங்குவிடுதியில் இருக்கிறீர்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒரு கடையில் சவரம் செய்துகொண்டபோது தாடைக்குக் கீழே சின்னதாக வெட்டுப்பட்டது. உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவருக்கும் இரத்தம் வந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். கடைக்காரர் பிளேடை மாற்றினாரா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்புறம் மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று மூன்று தடவை எச்ஐவி பரிசோதனை, மூன்றும் நெகட்டிவ். கடைசித் தடவை இரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்துவிட்டீர்கள். வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை, பழைய நோய் எதுவும் இல்லை. இப்போது வொர்க் பெர்மிட்டுக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், ஊரில் தை மாதம் கல்யாணம். நாலாவது தடவையும் பார்த்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள்.

பிளேடைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது "இந்த நெகட்டிவை நான் நம்பலாமா, நம்பலாம் என்றால் ஏன் என்னால் நம்ப முடியவில்லை" என்பதுதான். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தாதி. அதில் பாதிக்காலம் தொற்றுநோய் வார்டில், மீதி இரத்தம் எடுக்கும் அறையிலும் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் மேசையிலும். மருத்துவர் கிடையாது, மனநல நிபுணரும் கிடையாது, உங்கள் ரிப்போர்ட்டை நான் பார்க்கவும் இல்லை. அந்த அளவுக்குள் நின்று பேசுகிறேன்.

முதலில் உறுதியானது: அந்தச் சவரத்தால் உங்களுக்கு எச்ஐவி வரவில்லை. "வந்திருக்க வாய்ப்புக் குறைவு" என்று நான் சொல்லவில்லை, வரவில்லை என்றே சொல்கிறேன். இப்போது ஆய்வுக்கூடங்களில் பரவலாகச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை இரண்டு விஷயங்களைத் தேடுகிறது. ஒன்று, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். மற்றது பி24 என்ற கிருமியின் சொந்தப் புரதம். கை நரம்பில் எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் இப்படிப் பார்த்தால், தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைக்கும், எதிர்ப்பொருளை மட்டும் தேடும் பழைய வகைக்கும் 90 நாள் வரை அவகாசம் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு மருத்துவர் ஆறு வாரம் போதும் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் என்கிறார். இருவரும் முரண்பட்டுப் பேசுவது போல உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் பேசுவது வேறு வேறு பரிசோதனைகளைப் பற்றி. நீங்கள் செய்தது எந்த வகையாக இருந்தாலும் மூன்றாவது மாதத்து நெகட்டிவ் அதைத் தாண்டிவிட்டது. எச்ஐவி தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள், எதிர்ப்புச் சக்தி கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்று மிகச் சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறலாம், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை.

சரி, பிளேடுக்கு வருவோம். ரிப்போர்ட் வந்த பிறகு அதைப் பேசத் தேவையே இல்லை என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் மனதுக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள் என்பதால் பேசுகிறேன். இந்தக் கடைகளில் பெரும்பாலும் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காகித உறையோடு ஒரு பிளேடை எடுத்து நடுவில் மடக்கி இரண்டாக ஒடிப்பார், பாதியைப் பிடியில் செருகுவார், வேலை முடிந்ததும் அதை ஒரு டப்பாவில் போடுவார். இது கை தானாகச் செய்யும் பழக்கம், அதனால்தான் பார்த்தவர்களுக்கும் நினைவில் நிற்பதில்லை. அன்றைக்கு அவர் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தட்டையான பிளேடின் விளிம்பில் ஒட்டும் இரத்தம் மிகக் கொஞ்சம், அதுவும் சோப்பு நுரையில் கலந்து, துண்டில் துடைபட்டு, காற்றில் உலர்ந்துவிடும். உடம்புக்கு வெளியே எச்ஐவி பலவீனமான கிருமி. உலர்ந்த சில மணி நேரத்திலேயே 90 முதல் 99 விழுக்காடு வரை செயலிழந்துவிடும் என்று ஆய்வுக்கூடத்தில், அதுவும் இயல்பைவிட மிக அதிகச் செறிவில் கிருமியை வைத்துப் பார்த்து, சொல்லியிருக்கிறார்கள்.

இதோடு ஒப்பிட, என் கதை ஒன்று இருக்கிறது. 2009இல் ஒரு இரவுப் பணியில், எச்ஐவி உள்ள நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிட்டுக் கையை இழுக்கும்போது ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அது உள்ளே குழல் உள்ள ஊசி, குழல் நிறைய அப்போதுதான் எடுத்த இரத்தம், அவருக்குக் கிருமி இருப்பது உறுதி. கையுறையைக் கழற்றினேன், விரல் நுனியில் கடுகளவு சிவப்பு. குழாயைத் திறந்துவிட்டு விரலைக் காட்டிக்கொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, கூட வேலை செய்த அக்கா வந்துதான் குழாயை மூடினார். அந்த மாதிரிக் குத்தில்கூட, தடுப்பு மருந்தே எடுக்காவிட்டாலும், தொற்று வருவது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 28 நாள் மாத்திரை சாப்பிட்டேன், குமட்டலோடு வேலைக்குப் போனேன், என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது விரலைப் பார்த்துக்கொண்டே ஊட்டினேன். ஒன்றும் வரவில்லை. எண் தெரிந்திருந்தும் அத்தனை பயந்தவள் நான், அதனால் நீங்கள் பயந்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊசிக்கும் உங்கள் பிளேடுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ரேஸர் வழியாகப் பரவியதாகக் கருதப்படும் சம்பவம் மருத்துவப் பதிவுகளில் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1993இல் அமெரிக்காவில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயுள்ள இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதினார்கள், ஒரே ரேஸரைப் பகிர்ந்துகொண்டது காரணமாக இருக்கலாம் என்று. கூகுளில் தேடினால் நடு ராத்திரியில் உங்கள் கண்ணில் படுவது இதுதான். கோடிக்கணக்கான மனிதர்கள் தினமும் கடையில் சவரம் செய்துகொள்ளும் உலகத்தில், இத்தனை வருடமாகியும் அந்த மாதிரிப் பதிவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மருத்துவர்கள் "பூஜ்யம்" என்ற சொல்லைப் பயன்படுத்தத் தயங்குவது இதனால்தான். பயத்தில் இருப்பவருக்கு அந்தத் தயக்கம் ஒரு ஓட்டை மாதிரித் தெரியும், அந்த ஓட்டைக்குள்ளேயே மனது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உங்கள் விஷயத்தில் நாம் வாய்ப்பைக் கணக்குப் போடும் கட்டத்தைத் தாண்டியாயிற்று, உங்கள் இரத்தமே பதில் சொல்லிவிட்டது.

மற்றக் கேள்விகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளர், பொதுக் கழிப்பறை, நீச்சல் குளம், எம்ஆர்டி ரயிலில் வேர்த்த கையோடு பிடித்த கம்பி, யாரோ இருமியது, முகத்தில் எச்சில் பட்டது, எதிலும் வராது. கொசுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இங்கே டெங்கி இருப்பதால் அது நியாயமான கேள்விதான். டெங்கிக் கிருமி ஏடிஸ் கொசுவின் உடம்புக்குள் பெருகி அதன் எச்சில் சுரப்பிக்குப் போய், அடுத்தவரைக் கடிக்கும்போது எச்சிலோடு இறங்குகிறது. எச்ஐவி கொசுவுக்குள் பெருகாது, கொசுவின் வயிற்றிலேயே செரித்துப்போய்விடும், கொசுவும் முன்பு குடித்த இரத்தத்தை அடுத்தவருக்குள் செலுத்துவதில்லை. சிங்கப்பூரில் 1985இல் முதல் தொற்றைக் கண்டுபிடித்தார்கள், 2022இல் இங்கு வசிப்பவர்களிடையே புதிதாகத் தெரிந்தவை 202. கிட்டத்தட்ட எல்லாமே உடலுறவு வழியாக.

அந்த வார்த்தையிலிருந்து இன்னொன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவெட்டும் கடையைப் பற்றி, ஊசியைப் பற்றி, கழிப்பறையைப் பற்றிக் கேட்டவர்களில் சிலருக்குச் சொல்ல முடியாத இன்னொரு நாள் இருந்தது. நண்பர்களோடு எங்கோ போன ஒரு இரவு, அல்லது நாலைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு உறவு. அதை வெளியே சொல்ல வாய் வராமல், சொல்லக்கூடிய ஒரு சம்பவத்தின் மேல் பயத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். உங்களுக்கு அப்படி என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எனக்கோ யாருக்கோ சொல்லவும் வேண்டாம். இருந்தால் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்: கடைசிப் பரிசோதனைக்கும் அந்த நாளுக்கும் நடுவில் மூன்று மாதம் கடந்திருந்தால், அதே நெகட்டிவ் அந்த நாளுக்கும் பதில். கடக்கவில்லை என்றால் மட்டும், மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பரிசோதனை, ஒன்றே ஒன்று. இதற்காகப் பெயர் கேட்காமல் பரிசோதிக்கும் ஏற்பாடு இங்கே உண்டு, 1988இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு நீண்ட காலமாக அதை நடத்திவருகிறது. ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்குப் பதிலாக இரத்ததானம் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தானம் கொடுக்கும் படிவத்தில் பொய் சொல்வது இங்கே குற்றம், அதைவிட முக்கியம், அந்த இரத்தம் வேறொருவர் உடம்புக்குள் போகப் போகிறது.

பெர்மிட் பயத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி பார்க்கிறார்கள், இருந்தால் வெளிநாட்டு ஊழியருக்குப் பெர்மிட் கிடைக்காது என்பதும் உண்மை. குறுகிய காலம் வந்துபோகிறவர்களுக்கு இருந்த தடையைத்தான் 2015இல் நீக்கினார்கள், வேலைக்கு வருகிறவர்களுக்கு அல்ல. வீட்டுக் கடனும் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும் தலைக்கு மேல் இருக்கும்போது, ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லாமே போய்விடும் என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பரிசோதனையில் தேடப்போவது, உங்களிடம் மூன்று முறை தேடி இல்லாமல் போன அதே கிருமியை.

இப்போது நாலாவது பரிசோதனை. வேண்டாம் என்பது என் பதில். செலவுக்காகச் சொல்லவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வந்த அன்று நிம்மதி, சில நாளில் "மாற்றி எழுதியிருப்பார்களோ", அப்புறம் மறுபடி டார்ச் அடித்து நாக்கைப் பார்ப்பது. முதல் தடவை நிம்மதி ஒரு வாரம் இருந்திருக்கிறது, மூன்றாவது தடவை மூன்று நாள். நாலாவது தடவை ஒரு நாள் இருக்கும். நாக்கு வெள்ளையாக இருக்கிறது என்கிறீர்கள். பயத்தில் வாய் உலரும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று வேலை செய்தாலும் உலரும், அப்போது யார் நாக்கிலும் வெள்ளை படியும். கழுத்தில் கட்டி வலிக்கிறது என்கிறீர்கள், ஒரு நாளைக்கு முப்பது தடவை அழுத்திப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும். எடை குறைந்ததற்கு, நீங்கள் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டது போதுமான காரணம். எச்ஐவி தொற்றிய இரண்டு முதல் நாலு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வரும் என்பது சரிதான், ஆனால் சாதாரணச் சளிக்காய்ச்சலும் டெங்கியும் அப்படியேதான் இருக்கும். அறிகுறியை வைத்து நானும் சொல்ல முடியாது, எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. பரிசோதனை மட்டும்தான் சொல்லும், அது சொல்லிவிட்டது.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. நோய் பற்றிய பதற்றம் என்பார்கள், சிலருக்கு அது திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓசிடி என்ற கோளாறோடு சேர்ந்தும் வரும். உங்களுக்கு எது என்று பார்க்காமல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சிகிச்சையின் அடிப்படையை இன்று இரவே சிறிதாகத் தொடங்கலாம். நாக்கைப் பார்க்க வேண்டும் போல வரும்போது போனை எடுக்காமல் மணியை மட்டும் பாருங்கள், இருபது நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிவையுங்கள். பதற்றம் ஏறும், நெஞ்சு அடிக்கும், நீங்கள் எதுவும் செய்யாமலேயே அது இறங்கவும் செய்யும். இறங்குகிறது என்பதை உங்கள் உடம்பு நேரில் கற்றுக்கொள்வதுதான் மருந்து. கூகுள் தேடல், அறை நண்பரிடம் "எனக்கு இருக்காதுல்ல?" என்று கேட்பது, இந்த மாதிரி முன்பின் தெரியாதவர்களிடம் எழுதிக் கேட்பது, இவையும் டார்ச் அடிப்பது போன்றவையே. நான் பதில் எழுதுவதும் ஒரு வகையில் அதற்குத் தீனிதான், அதனால்தான் ஒரே தடவையில் முழுவதையும் எழுதிவிடுகிறேன். இதே கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால் பதில் எழுத மாட்டேன், கோபம் என்று நினைக்காதீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் யாரையாவது நேரில் பார்த்தே ஆக வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே மருத்துவமும் மனநல ஆலோசனையும் கொடுக்கும் ஹெல்த்சர்வ் இருக்கிறது. பலதுறை மருந்தகத்திலும் கேட்கலாம், தேவைப்பட்டால் மனநலக் கழகத்துக்கு அனுப்புவார்கள். உயிரையே விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் தெரியவந்தன. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் சுவரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட காலம் உங்களுக்குச் சிறு வயதில் கேட்ட ஞாபகமாக இருக்கலாம். பயம் மட்டும் மனதில் நின்றுவிட்டது, எப்படிப் பரவாது என்பது நிற்கவில்லை. என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், பார்க்க வருகிற மகன் ஞாயிறுதோறும் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் வாங்கி வருவார், அப்பா சாப்பிட்டதும் அதை இரண்டு பைக்குள் போட்டு முடிச்சுப் போடுவார். பெரியவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருப்பார். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் கேள்வியில் "அந்த நோய்க்காரன் எவனோ" என்று ஒரு வரி இருந்தது, அது என்னைக் கொஞ்சம் சுட்டது. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு நோய் இருந்தது என்பதற்கே ஆதாரம் இல்லை. நோய் உள்ளவர்களும் இன்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூட இணையருக்குப் பரப்புவதில்லை. பார்ட்னர் என்ற ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்குத் தொற்று இருக்கும் 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்து 2019இல் முடிவு சொன்னார்கள்: சிகிச்சையில் இருக்கும் இணையரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை.

சவரக் கடையை வைத்து நீங்கள் கவலைப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. அது எச்ஐவியைவிடப் பல மடங்கு எளிதாக இரத்தம் வழியாகத் தொற்றும், உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறார்கள். உங்களுக்குப் போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள், தெரியவில்லை என்றால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடியும். விடுதியில் ரேஸரை யாருக்கும் கொடுக்காதீர்கள், யாருடையதையும் வாங்காதீர்கள். கடையில் "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெர்மிட் பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உட்கார்ந்ததுமே இரத்தம் எடுப்பவரிடம் "போன தடவை மயங்கிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். படுக்க வைத்து எடுப்பார்கள். ஊசியைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் எழுந்திருக்காதீர்கள்.